மதிப்பெண்ணுக்குப் பின்னால் இருக்கும் தாள்கள்

புதுச்சேரியில் பெரிய வாய்க்காலின் இரண்டு பக்கத்தையும் ஒரு காலைப்பொழுதில் நடந்து முடித்துவிடலாம். அந்த நடைக்குள் மூன்று வெவ்வேறு முறைகளில் மதிப்பிடப்படும் பிள்ளைகள் எதிர்ப்படுவார்கள். கடற்கரைப் பக்கம் 1826இல் தொடங்கிய பிரெஞ்சு லிசே இருக்கிறது. அங்கே எல்லாப் பாடமும் இருபது மதிப்பெண்ணுக்கு. சில தெருக்கள் தள்ளி, 1943 டிசம்பரில் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் அன்னை தொடங்கிய ஆசிரமப் பள்ளி. இன்று அது ஸ்ரீ அரவிந்தர் பன்னாட்டுக் கல்வி மையம். சிறுவர் வகுப்பு முதல் உயர்கல்வி வரை அங்கே படித்து வெளியே வருபவருக்குச் சான்றிதழும் கிடையாது, பட்டமும் கிடையாது. வாய்க்காலைத் தாண்டி மிஷன் வீதிக்கு வந்தால், ஊர்க்காரர்கள் இன்னும் கலவைக் கல்லூரி என்றே சொல்லும் வ.உ.சி. அரசு மேல்நிலைப் பள்ளி. அங்கும் மற்ற அரசுப் பள்ளிகளிலும் இப்போது சி.பி.எஸ்.இ. முறை: எழுத்துத் தேர்வுக்கு 80, பள்ளியே போடும் அகமதிப்பீட்டுக்கு 20. இந்த மூன்றில் எது சிறந்தது என்ற வாதம் இந்த ஊரில் பெற்றோர் கூடும் இடமெல்லாம் நடக்கிறது. அந்தக் கேள்வியே கொஞ்சம் திசை மாறிய கேள்வி என்பது என் கருத்து. இருபதா, நூறா, எழுத்துத் தரமா, ஒன்றுமே இல்லையா என்பதைவிட, ஒரு பிள்ளை ஆண்டு முழுக்கச் செய்த வேலை எங்கே, எந்த ஒழுங்கில், யார் பார்க்கும்படி வைக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் மதிப்பீட்டின் நேர்மையைத் தீர்மானிக்கிறது.

முதலில் அளவுகோல்களைப் பார்ப்போம். இருபதுக்குப் பன்னிரண்டு என்பது கணக்குப்படி அறுபது சதவீதம். ஆனால் பிரெஞ்சுப் பள்ளி இறுதித் தேர்வான பக்கலோரேயாவில் பத்து எடுத்தால் தேர்ச்சி, பன்னிரண்டுக்குப் பாராட்டுக் குறிப்பு தொடங்கிவிடும், பதினாறுக்கு ‘மிக நன்று’. அதாவது எண்பது சதவீதம் அங்கே உச்சத்தை ஒட்டியது. மிஷன் வீதியில் எண்பது சதவீதம் எடுத்துவந்த பிள்ளையிடம் மீதி இருபது எங்கே போனது என்று கேட்பார்கள். சி.பி.எஸ்.இ.யின் ‘ஏ1’ தரமோ இன்னொரு விதம். அது ஒரு குறிப்பிட்ட மதிப்பெண்ணுக்கு மேல் எடுத்தவர்களுக்கு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் ஒரு பாடத்தில் தேர்ச்சி பெற்றவர்களை வரிசைப்படுத்தி, மேலிருந்து எட்டில் ஒரு பங்கினருக்கு அதைக் கொடுக்கிறார்கள். அடுத்த எட்டில் ஒரு பங்கினருக்கு ‘ஏ2’. பிள்ளை என்ன கற்றது என்பதைவிட, மற்றவர்களுக்கு நடுவே எங்கே நிற்கிறது என்பதையே அந்த எழுத்து சொல்கிறது. பிரான்சிலும் இதன் இன்னொரு வடிவம் உண்டு. துலூஸ் நகரத்துக் கணிதப் பேராசிரியர் ஆந்த்ரே ஆந்திபி 2003இல் எழுதிய நூலில், வகுப்பு எவ்வளவு நன்றாகப் படித்திருந்தாலும் ஆசிரியர்கள் தம்மை அறியாமலேயே ஒரு பகுதியினருக்குக் குறைந்த மதிப்பெண் போட்டுவிடுகிறார்கள், எல்லாருக்கும் நல்ல மதிப்பெண் போட்டால் தம் கண்டிப்பைச் சந்தேகிப்பார்கள் என்று அஞ்சுகிறார்கள் என்று வாதிட்டார். அந்தப் போக்குக்கு அவர் வைத்த பெயர் ‘கொடூர மாறிலி’.

வரிசைப்படுத்தும் இந்த ஆசை நமக்குப் பழையதுதான். பெல்லாரி மாவட்ட ஆட்சியராக இருந்த கேம்பெல் 1823இல் எழுதிய அறிக்கையில் உள்ளூர்ப் பள்ளிக்கூடங்களின் காலை நேரத்தைப் பற்றி ஒரு விவரம் இருக்கிறது. முதலில் வந்த பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரை எழுதுவார்கள். இரண்டாவதாக வந்தவனுக்குப் புகழும் இல்லை பழியும் இல்லை என்பதற்கு அடையாளமாக ஒரு சுழி. மூன்றாமவனுக்கு ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு, அப்படியே ஏறிக்கொண்டே போகும். வந்த நேரத்துக்குப் போடப்பட்ட அந்தத் தரவரிசை, பிள்ளை அன்று என்ன படித்தான் என்பதைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ஆனாலும் அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளியின் மதிப்பீடு அது மட்டுமன்று. பாடத்தை ஒப்பிக்க வேண்டும், ஒப்பித்தால்தான் அடுத்தது. மனப்பாடத்தையே நம்பிய அந்த முறையின் குறைகள் எல்லாருக்கும் தெரியும். எனினும், ஒவ்வொரு பிள்ளையும் எந்த இடத்தில் நிற்கிறான் என்பது வாத்தியாருக்கும் சட்டாம்பிள்ளைக்கும் அன்றன்றைக்குத் தெரிந்திருந்தது.

மதிப்பெண் எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்பதை முதலில் முறைப்படி ஆராய்ந்தவர்களில் பிரெஞ்சுக்காரர்கள் முக்கியமானவர்கள். உளவியலாளர் ஆன்றி பியரோன் 1920களில் தேர்வுகளைப் பற்றிய ஆய்வுக்கென்றே ஒரு துறைப் பெயரை உருவாக்கினார். 1930களில் லோஜியே, வைன்பர்க் ஆகியோர் பக்கலோரேயா விடைத்தாள்களைப் பல திருத்துநர்களிடம் தனித்தனியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரே தாளுக்கு மதிப்பெண் எங்கெங்கோ போனது. திருத்துபவரின் சாய்வு நீங்கி ஒரு தாளின் ‘உண்மையான’ மதிப்பெண் கிடைக்க வேண்டுமானால் எத்தனை பேர் திருத்தி சராசரி எடுக்க வேண்டும் என்று கணக்கிட்டார்கள். கணிதத்துக்கு 13 பேர், இயற்பியலுக்கு 16 பேர், பிரெஞ்சுக் கட்டுரைக்கு 78 பேர், தத்துவத்துக்கு 127 பேர். அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் இருவரும் அதற்கு முன்பே, 1912இல், ஓர் ஆங்கிலக் கட்டுரைத் தாளைப் பிரதி எடுத்து நூற்றுக்கும் மேற்பட்ட ஆசிரியர்களுக்கு அனுப்பினார்கள். நூற்றுக்கு 64 போட்டவரும் இருந்தார், 98 போட்டவரும் இருந்தார். கட்டுரை என்றால் அப்படித்தான், கணக்கில் அப்படி நடக்காது என்று சொன்னவர்களுக்காக அடுத்த ஆண்டு ஒரு வடிவியல் தாளை அனுப்பினார்கள். அதில் வேறுபாடு இன்னும் அகன்றது. ஒருவர் வழிமுறைக்கு மதிப்பெண் கொடுத்தார், இன்னொருவர் விடையை மட்டும் பார்த்தார், மூன்றாமவர் கோணல்மாணலான படத்துக்குக் குறைத்தார்.

இந்த ஆய்வுகளைக் காட்டி, ஆசிரியர்கள் சரியில்லை என்று சொல்வோர் உண்டு. அது அவசர முடிவு. ஒரு தாளை ஒரு முறை ஒருவர் மட்டும் பார்த்துப் போடும் எண்ணில் இந்த அளவு தள்ளாட்டம் இருக்கத்தான் செய்யும் என்பதே இவற்றிலிருந்து பெறத்தக்கது. பொதுத்தேர்வு வாரியங்கள் விடைக்குறிப்பு, மதிப்பெண் பங்கீடு, மறுகூட்டல், மறுமதிப்பீடு என்று இதைக் குறைக்கப் பார்க்கின்றன. வகுப்பறைக்கு அந்த வசதி கிடையாது. 127 பேர் வந்து திருத்தப்போவதில்லை. அங்கே தள்ளாட்டத்தைக் குறைக்க இருக்கும் வழி, ஒரே பிள்ளையின் பல வேலைகளை, பல மாத இடைவெளியில், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. அதற்கு அந்த வேலைகள் கிடைக்க வேண்டும். திருத்திக் கொடுத்த மறுநாள் பைக்குள் கசங்கி, மே மாதத்தில் பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போய்விட்டால், பதிவேட்டில் மிஞ்சியிருக்கும் எண்ணைச் சரிபார்க்க யாராலும் முடியாது, போட்ட ஆசிரியராலும் முடியாது.

அரசுப் பள்ளிகளின் கதையில் இது தெளிவாகத் தெரியும். புதுச்சேரிக்கெனத் தனி வாரியம் எப்போதும் இருந்ததில்லை. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தையும், மாஹே கேரளத்தையும், யானம் ஆந்திரத்தையும் பின்பற்றின. 2014–15 முதல் தொடக்க வகுப்புகளில் சி.பி.எஸ்.இ. நுழைந்தது, 2023–24இல் மேல் வகுப்புகளுக்கும் வந்தது, 2025இல் அரசுப் பள்ளி மாணவர்கள் முதல் முறையாக சி.பி.எஸ்.இ. பொதுத்தேர்வை எழுதினார்கள். பாடநூலும் வினாத்தாளும் மாறியதைப் பற்றி நிறையப் பேசினார்கள். பத்தாம் வகுப்பில் அறிவியல் செய்முறையைத் தவிர மற்றப் பாடங்களில் பள்ளியே போடும் மதிப்பெண் என்று ஒன்று தமிழ்நாட்டு முறையில் இருக்கவில்லை. இப்போது ஒவ்வொரு பாடத்திலும் 20 அப்படி வருகிறது. இந்த மாற்றம் அவ்வளவாகப் பேசப்படவில்லை. 2017–18இல் சி.பி.எஸ்.இ. இதைக் கொண்டுவந்தபோது பருவத் தேர்வுக்கு 10, நோட்டுச் சமர்ப்பிப்புக்கு 5, பாடம் சார்ந்த செயல்பாட்டுக்கு 5 என்று பிரித்தது. நோட்டுக்கு மதிப்பெண் போட மூன்று அடிப்படை சொன்னார்கள்: ஒழுங்காகக் கொண்டுவருவது, வேலையை முடித்திருப்பது, நோட்டைச் சுத்தமாக வைத்திருப்பது. பின்பு இது மாறி, நோட்டின் இடத்தில் ‘போர்ட்ஃபோலியோ’ எனும் படைப்புத் தொகுப்பு 5 மதிப்பெண்ணுக்கு வந்தது. மாற்றம் நல்லதுதான். ஆனால் பெயர் மாறிய அளவுக்குப் பழக்கம் மாறியதா என்பது வேறு கேள்வி.

பழைய மூன்று அடிப்படைகளையும் பாருங்கள். அட்டை போட்ட நோட்டு, முதல் பக்கத்தில் பொருளடக்கம், இரு பக்கமும் பென்சிலில் ஓரக்கோடு, தலைப்புக்கு அடியில் ஸ்கெட்ச் பேனாவில் இரட்டைக் கோடு, கரும்பலகையிலிருந்து எழுத்து பிசகாமல் இறக்கிய விடைகள், ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஆசிரியரின் சிவப்பு டிக்கும் தேதி போட்ட சுருக்கொப்பமும். இந்த நோட்டு ஐந்துக்கு ஐந்து வாங்கும். இதில் பிள்ளையின் சிந்தனை எங்கே தடுக்கியது என்று தேடினால் ஒரு வரியும் அகப்படாது, ஏனென்றால் தடுக்கிய இடங்களெல்லாம் ரஃப் நோட்டில் இருக்கின்றன. ரஃப் நோட்டை யாரும் கேட்பதில்லை. தவறு இல்லாத நோட்டைத்தான் நம் பள்ளிகள் நல்ல நோட்டு என்கின்றன. மதிப்பீட்டுக்கு வேண்டியதோ தவறும் திருத்தமும் தேதியோடு பதிவான நோட்டு.

ஓர் எடுத்துக்காட்டு. எட்டாம் வகுப்பில் ஒரு பிள்ளை ஜூலையில் எழுதிய தமிழ்க் கட்டுரையில் ‘படித்து கொண்டிருந்தேன்’, ‘அதை பார்த்தேன்’ என்று வல்லினம் மிகும் இடமெல்லாம் விட்டுப்போயிருக்கிறது. கருத்து இரண்டு பத்தியில் முடிந்துவிட்டது. ஆசிரியர் பத்துக்கு ஆறு போடுகிறார். நவம்பரில் எழுதிய கட்டுரையில் ‘பார்த்துக்கொண்டு’, ‘அதைக் கேட்டு’ எல்லாம் சரியாக வந்திருக்கின்றன; பத்தி ஐந்தாகியிருக்கிறது; ஆனால் நீண்ட வாக்கியங்களில் எழுவாயும் பயனிலையும் ஒட்டவில்லை, ‘மாணவர்கள் வந்தான்’ என்று முடிகிறது. மறுபடியும் பத்துக்கு ஆறு. பதிவேட்டில் ஆறு, ஆறு. பார்ப்பவருக்கு இந்தப் பிள்ளை நின்ற இடத்திலேயே நிற்பதாகத் தோன்றும். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்தால், ஒரு பழைய தவறு ஒழிந்திருப்பதும், பெரிய வாக்கியம் எழுதத் துணிந்ததால் புதிய தவறு ஒன்று வந்திருப்பதும் தெரியும். கணக்கிலும் இப்படித்தான். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதும் பிள்ளைக்கு ஒரு சிவப்புப் பெருக்கல் குறி போதாது. மேலும் மேலும், கீழும் கீழும் கூட்டியிருக்கிறது என்பதைக் கண்டு, அந்தப் பழக்கம் அடுத்த மாதத் தாளில் இருக்கிறதா, போய்விட்டதா என்று பார்க்க வேண்டும். முந்தைய தாள் இல்லாமல் அதைப் பார்க்க முடியாது.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. எண் போட்டவுடன் பிள்ளைகள் அதைத் தவிர வேறெதையும் படிப்பதில்லை. இஸ்ரேலில் ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பிரிவினருக்கு எண் மட்டும், ஒரு பிரிவினருக்கு எழுத்துக் குறிப்பு மட்டும், ஒரு பிரிவினருக்கு இரண்டும் கொடுத்தார். குறிப்பு மட்டும் பெற்றவர்கள் அடுத்த வேலையில் முன்னேறினார்கள். இரண்டும் சேர்த்துப் பெற்றவர்கள், எண் மட்டும் பெற்றவர்களைப் போலவே நடந்துகொண்டார்கள். ஆசிரியர் வியர்வை சிந்தி எழுதிய குறிப்பை மேலே இருந்த எண் தின்றுவிட்டது. இங்கிலாந்தில் பால் பிளாக், டிலன் வில்லியம் 1998இல் நூற்றுக்கணக்கான ஆய்வுகளைத் திரட்டி வந்த முடிவும் இதை ஒட்டியதே. இது ஒரு சிறிய சோதனைதானே, உயர்கல்விச் சேர்க்கையை நடத்தும் சென்டாக்கின் பட்டியலுக்காக மதிப்பெண்ணை எண்ணிக்கொண்டிருக்கும் புதுச்சேரிக் குடும்பத்துக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். பொருந்தாத பகுதி இருக்கிறது. மேல்நிலை வகுப்பில் எண்ணை ஒழித்துவிடு என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஆறாம் வகுப்பு ஸ்லிப் டெஸ்ட்டுக்கும் வீட்டுப்பாடத்துக்கும் எண் எதற்கு? அங்கே ஒரு வரிக் குறிப்பும், திருத்தி மறுபடி எழுதிய தாளும் இருந்தால் போதும். எண் பருவ முடிவில், தொகுப்பைப் பார்த்தபின் வரட்டும்.

எண்ணையும் வேலையையும் ஓரளவு இணைத்து வைத்திருக்கும் ஏற்பாட்டைப் பார்க்க வாய்க்காலின் மறுபக்கம் போகலாம். பிரெஞ்சு முறையில் ஒவ்வொரு பருவ அறிக்கையிலும் பிள்ளையின் சராசரியோடு வகுப்பின் சராசரியும் இருக்கும், ஒவ்வொரு பாட ஆசிரியரும் இரண்டு மூன்று வரிக் கருத்தும் எழுத வேண்டும். பிறகு வகுப்பு மன்றம் கூடும். அதில் ஆசிரியர்களோடு மாணவர் பிரதிநிதிகளும் பெற்றோர் பிரதிநிதிகளும் உட்காருகிறார்கள். நம் ‘ரேங்க் கார்டு’ கையெழுத்து வாங்கிவரும் நாளோடு ஒப்பிட்டால், ஒரு மதிப்பெண்ணைப் பற்றி வாய்விட்டுப் பேச ஓர் இடம் இருக்கிறது என்பதே பெரிய வித்தியாசம். இறுதி வகுப்புகளின் இந்த விவரமெல்லாம் ஒரு பள்ளி ஏட்டில் சேர்கின்றன. பக்கலோரேயாவில் ஒரு மாணவர் தேர்ச்சி எல்லைக்கோ பாராட்டுக் குறிப்பின் எல்லைக்கோ ஒட்டி நின்றுவிட்டால், தேர்வுக் குழு அந்த ஏட்டைத் திறந்து பார்க்கலாம், பார்த்து உயர்த்தவும் செய்யலாம். நம் வாரியங்களிலும் கருணை மதிப்பெண் உண்டு. 2017 மே மாதத்தில் சி.பி.எஸ்.இ. இப்படி மதிப்பெண்ணைக் கூட்டிச் சமன்செய்யும் முறையைக் கைவிட முயன்றபோது அவ்வாண்டு அதைத் தொடர வேண்டும் என்று தில்லி உயர்நீதிமன்றம் சொன்ன அளவுக்கு அது பெரிய விஷயம். ஆனால் இங்கே அது ஒரு சூத்திரப்படி எல்லாருக்கும் சேர்வது. யாருடைய நோட்டையும் யாரும் திறப்பதில்லை.

இந்த வேறுபாட்டின் விளைவு பெருந்தொற்றுக் காலத்தில் வெளிப்பட்டது. 2021இல் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகள் ரத்தானதும், தமிழ்நாடு ஒரு விகிதத்தை அறிவித்தது: பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு 50 சதவீதம், பதினொன்றாம் வகுப்புக்கு 20, பன்னிரண்டாம் வகுப்பின் செய்முறைக்கும் அகமதிப்பீட்டுக்கும் 30. அப்போது தமிழ்நாட்டு முறையிலிருந்த புதுச்சேரி, காரைக்கால் மாணவர்களுக்கும் அதுவே. சி.பி.எஸ்.இ. 30, 30, 40 என்று பிரித்தது. பள்ளிகள் வாரிக்கொடுத்துவிடும் என்று அஞ்சி, அந்தந்தப் பள்ளியின் முந்தைய ஆண்டுகளின் தேர்ச்சி நிலைக்குள் மதிப்பெண்ணை அடக்கவும் சொன்னது. இரண்டு ஆண்டுக்கு முன் பதினைந்து வயதில் எழுதிய தேர்வு ஒரு பிள்ளையின் பாதி விதியை முடிவு செய்தது. முன்னால் படித்துப்போன அண்ணன் அக்காக்களின் மதிப்பெண் இன்னொரு பிள்ளைக்கு உச்சவரம்பானது. நடப்பாண்டு வகுப்பறை வேலையில் எடுத்துக் காட்டி நம்பவைக்கும்படியாக எதுவும் இல்லாததால்தான் இப்படிப் பழையதை நோக்கிக் கை நீட்ட வேண்டியிருந்தது.

பிரெஞ்சு முறை இதில் தப்பித்தது என்று சொல்லிவிட முடியாது. அங்கே 2020இல் எழுத்துத் தேர்வை முழுக்க விட்டுவிட்டுப் பள்ளி ஏட்டின் சராசரியையே எடுத்தார்கள்; முந்தைய ஆண்டு 88 சதவீதமாக இருந்த தேர்ச்சி 95ஐத் தாண்டியது. சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்பில் 2020இல் 88.78 ஆக இருந்தது 2021இல் 99.37 ஆனது. தாராளம் இரு பக்கமும் ஒன்றுதான். ஆனால் அதன்பின் நடந்தது வேறு. பிரான்ஸ் 2021 முதல் பக்கலோரேயாவில் 40 சதவீதத்தைப் பள்ளி மதிப்பீட்டுக்கே கொடுத்தது. அதோடு ஒவ்வொரு பள்ளியும் எதை, எப்படி, எத்தனை முறை மதிப்பிடுகிறோம் என்று ஒரு மதிப்பீட்டுத் திட்டத்தை எழுதி வைக்க வேண்டும் என்றது. ஒவ்வொரு அரை மதிப்பெண்ணுக்கும் பெற்றோர் வாதாட வருகிறார்கள் என்று ஆசிரியர்கள் அங்கே புலம்புவதும் உண்மை. அந்தப் புலம்பலை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் எழுதி வைத்த விதி ஒன்று மேசைமேல் இருந்தால்தான் அந்த வாதத்துக்கு ஒரு முடிவு உண்டு.

ஆசிரமப் பள்ளி எதிர்த் துருவம். அதன் ‘சுதந்திர முன்னேற்ற’ முறையில் பிள்ளை தன் வேகத்தில் போகிறது. தேர்வு என்பது மாணவரின் அறிவையோ அக்கறையையோ அறிய உதவாத காலாவதியான கருவி என்பது அன்னையின் கருத்து. பள்ளியைப் பல ஆண்டுகள் நடத்திய பவித்ரா, பாரிஸின் எக்கோல் பொலித்தெக்னிக்கில் படித்த பிரெஞ்சுப் பொறியாளர் பிலிப் பார்பியே சேந்த்-இலேர், என்பதை நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது. பிரான்சின் மிகக் கடுமையான போட்டித் தேர்வுகளில் ஒன்றின் வழியாக வந்த மனிதர், தேர்வில்லாத பள்ளிக்குத் தலைமை தாங்கினார். எண் இல்லாமல் அங்கே கல்வி நடக்கிறது என்றால், எண்ணின் இடத்தில் தொடர்ந்த கவனிப்பு இருக்கிறது. ஆனால் அந்தக் கவனிப்பை அப்படியே அரசுப் பள்ளிக்கு எடுத்துவர முடியாது. ஆசிரியர்களில் பெரும்பாலோர் ஆசிரமவாசிகள், சம்பளம் வாங்காதவர்கள். மாணவர் எண்ணிக்கைக்கு ஆசிரியர்கள் தாராளம். சான்றிதழ் இல்லாத கல்வியை ஏற்கும் தைரியமும் எல்லாக் குடும்பத்துக்கும் வாய்க்காது. துறைமுகத்திலோ மில்லிலோ கூலி வேலை பார்த்துப் பிள்ளையைப் படிக்கவைப்பவருக்குச் சான்றிதழ்தான் கையிலிருக்கும் ஒரே சொத்து.

இங்கிருந்துதான் மிகக் கனமான ஆட்சேபம் எழுகிறது. வகுப்பறை மதிப்பீட்டில் ஆசிரியருக்குப் பிள்ளையின் பெயர் தெரியும், தெரு தெரியும், சாதி தெரியும். பொதுத்தேர்வுத் தாளில் ரகசிய எண் மட்டும். ஏழைப் பிள்ளைக்கும் தலித் பிள்ளைக்கும் அந்த முகமற்ற தன்மையே பாதுகாப்பு என்ற வாதத்தை யாரும் எளிதில் தள்ளிவிடக் கூடாது. ரேமா ஹன்னா, லீ லிண்டன் இருவரும் இந்தியாவில் நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்வு அதற்குச் சான்று. பிள்ளைகளின் விடைத்தாள்கள் மேல் சாதி, பாலினம், வயது ஆகியவற்றைத் தற்போக்கில் மாற்றி எழுதி ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தார்கள். தாழ்த்தப்பட்ட சாதி என்று குறிக்கப்பட்ட தாள்களுக்குச் சிறிதளவே ஆனாலும் தெளிவாகக் குறைந்த மதிப்பெண் விழுந்தது. இதோடு நிறுத்திவிட்டால் என் வாதம் தோற்றதாகிவிடும். ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: இந்தச் சாய்வு திருத்தத் தொடங்கிய முதல் தாள்களில்தான் அதிகம். கட்டு நகர நகர, எது நல்ல தாள், எது சுமாரான தாள் என்று ஆசிரியருக்குப் பிடிபட்டபின் குறைந்தது. கையில் ஒப்பிட எதுவும் இல்லாத நேரத்தில்தான் மேலே எழுதியிருக்கும் சாதி கண்ணில் படுகிறது. அப்படியானால் திருத்தத் தொடங்குமுன்பே ஆசிரியர் முன்னால் நான்கைந்து மாதிரித் தாள்கள், இன்ன தரத்துக்கு இன்னது என்று பலர் சேர்ந்து ஒப்புக்கொண்டவை, இருப்பது சாய்வைக் குறைக்க உதவும். பொதுத்தேர்வு இருக்கட்டும். அதன் 80ஐ யாரும் தொட வேண்டாம். பள்ளி போடும் 20 எப்படியும் முகம் தெரிந்தே போடப்படுகிறது; அதற்குப் பின்னால் தாள் இருந்தால் கேள்வி கேட்கலாம், தாளே இல்லாவிட்டால் சாய்வு இருந்ததா என்று கண்டுபிடிக்கக்கூட வழியில்லை.

இந்த 20 இன்று என்னவாகிறது என்பதும் கணக்கில் தெரியும். பத்தாம் வகுப்பில் அகமதிப்பீடும் எழுத்துத் தேர்வும் சேர்ந்து 33 எடுத்தால் தேர்ச்சி. பள்ளி 19 போட்டால் எழுத்துத் தேர்வில் 80க்கு 14 போதும். எந்தத் தலைமையாசிரியர் பிள்ளைக்கு 9 போட்டு அனுப்புவார்? அவரைக் குற்றம் சொல்லவும் மனம் வரவில்லை. எல்லாரும் 18, 19, 20 வாங்கும் இடத்தில் அந்த மதிப்பெண் யாரையும் வேறுபடுத்தாது, யாருக்கும் எதையும் சொல்லாது. பள்ளிக்குள்ளேயே மதிப்பிடும் முயற்சி இதற்கு முன்பும் நடந்தது. 2009இல் கல்வி உரிமைச் சட்டம் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டைச் சட்டமாக்கியது, சி.பி.எஸ்.இ. நான்கு வளரறி மதிப்பீடுகளுக்குத் தலா 10 சதவீதமும் இரண்டு தொகுத்தறி மதிப்பீடுகளுக்குத் தலா 30 சதவீதமும் வைத்தது. தமிழ்நாடு 2012–13இல் முப்பருவ முறையோடு 40க்கு 60 என்று வைத்தது. 2017இல் சி.பி.எஸ்.இ. அதைக் கைவிட்டது. தொகுப்பு, செயல்திட்டம் எல்லாம் ஒருமுறை பார்த்துத் தோற்றதுதானே என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது: தோற்றது எது என்று பாருங்கள். ஸ்டேஷனரிக் கடையில் தயாராகத் தொங்கிய சார்ட்டும், கணினி மையத்தில் அச்செடுத்து ஸ்பைரல் போட்ட செயல்திட்டமும், ஆசிரியர் இரவு உட்கார்ந்து நிரப்பிய பதிவேடுகளும்தான் தோற்றன. ஒவ்வொரு சின்ன வேலைக்கும் ஓர் எண் கேட்டதால் எண்ணை உண்டாக்குவதே வேலையானது. பிள்ளை தன் கையால் எழுதி, திருத்தி, மறுபடி எழுதிய இரண்டு தாளை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

நேரம் எங்கே என்பது ஆசிரியர்களின் நியாயமான கேள்வி. நாற்பது பேர் கொண்ட நான்கு பிரிவுகளுக்குப் பாடம் எடுப்பவரிடம் 160 நோட்டு வரும். ஒன்றுக்கு மூன்று நிமிடம் வைத்தாலும் எட்டு மணி நேரம், அதுவும் வாரா வாரம். பன்னிரண்டு வாரப் பருவத்துக்கு 96 மணி நேரம் டிக் போடுவதில் கழியும். அதற்குப் பதில், பருவத்துக்கு ஒவ்வொரு பிள்ளையும் தானே தேர்ந்தெடுத்து வைக்கும் மூன்று தாள்களில் ஒன்றை மட்டும் ஆறு நிமிடம் ஊன்றிப் படித்தால் 16 மணி நேரம் ஆகும். மற்றவற்றைப் பிள்ளைகள் விடைக்குறிப்பை வைத்துத் தாங்களே சரிபார்த்துக்கொள்ளலாம், பக்கத்துப் பிள்ளையோடு மாற்றித் திருத்தலாம். நல்ல ஆசிரியர்கள் இதை எப்போதும் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள், நோட்டுப் பார்வையிட வரும் அதிகாரிக்கு பயந்து அதற்கு மேலேயும் டிக் போடுகிறார்கள். ஆகவே மாற வேண்டிய முதல் ஆள் ஆசிரியர் அல்லர், பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையைத் தேடும் பார்வையாளர்.

புதுச்சேரிக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது: ஊர் சிறியது. ஒரு பள்ளியின் எட்டாம் வகுப்புத் தொகுப்புகளில் பத்தை எடுத்துப் பெயரை மறைத்து, சைக்கிள் தொலைவிலுள்ள இன்னொரு அரசுப் பள்ளியின் ஆசிரியர்களிடம் ஒரு சனிக்கிழமை காலை கொடுத்துத் திருத்தச் சொல்லலாம். இரு பள்ளி மதிப்பெண்ணும் எங்கே விலகுகின்றனவோ அந்தத் தாள்களை எடுத்து வைத்துப் பேசினால், அவையே அடுத்த பருவத்தின் மாதிரித் தாள்கள் ஆகிவிடும். மாற்றுச் சான்றிதழ் பிள்ளையோடு பள்ளி மாறிப் போகிறது. எட்டாம் வகுப்பு முடித்துப் போகிறவரோடு மெல்லிய காகித உறையில் அவர் தேர்ந்தெடுத்து வைத்த தாள்களும் சேர்ந்து போக, கல்வி இயக்ககத்தின் ஒரு சுற்றறிக்கை போதும். ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர் ஜூன் மாதத்தில் ‘சுமார்’, ‘வீக்’ என்று பிரித்து உட்காரவைப்பதற்கு முன்னால் அந்த உறையைத் திறந்து பார்க்க நேரம் ஒதுக்குவாரா என்பதை, அந்த மாதத்துக் கால அட்டவணையைப் போடுகிறவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.